நடவு வயலில் விழுந்த கேமரா

மேட்டூர் தண்ணீர் கல்லணை தாண்டி வந்து, குறுவை நடவு மும்முரமாக நடந்த நேரம். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில், குடமுருட்டிக்கும் வெட்டாற்றுக்கும் நடுவே ஒரு வயலில் நடவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வரப்பில் புதுச் சேறு அணைத்திருந்தார்கள். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தது, உள்ளே நல்ல ஈரம். ட்ரைபாடின் ஒரு கால் மெல்ல இறங்கியதை நான் கவனிக்கவில்லை. பையில் எதையோ தேடிக் குனிந்தேன், ‘சளப்’ என்று சத்தம். கேமரா குப்புற வயலில் கிடந்தது.

எடுத்ததும் ஸ்விட்சை அணைத்து, பேட்டரியையும் மெமரி கார்டையும் கழற்றினேன். மறுபடி போட்டு, ஓடுகிறதா என்று பார்க்கக் கை துடித்தது. பார்க்கவில்லை. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் போர்டு போய்விடும், அப்புறம் எவ்வளவு காயவைத்தாலும் வராது. கேமரா நனைந்தவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது முக்கியமாக இதைத்தான்.

நாற்று முடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கரையேறி வந்தார். “தம்பி, சேத்தைக் காய விட்டுடாதீங்க. காஞ்சா கல்லாயிடும்” என்றார். அவர் சொன்னது சரி. வண்டல் காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், கண்ணாடியில் கீறல் விழும். தண்ணீர் ஊற்றாமல், ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஜூம் வளையத்தைத் திருப்பவே இல்லை. திருப்பினால் மணல் உள்ளே போகும்.

ஈரத்தை இழுக்கும் என்று வீட்டில் எல்லோரும் அரிசிப் பானையைக் காட்டினார்கள். அரிசித் தூள் உள்ளே புகுந்துவிடும் என்று நான் சம்மதிக்கவில்லை. இறுக்கமான மூடி போட்ட டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு நான்கு நாள் வைத்தேன். ஈரம் ஏறி நீல மணிகள் ரோஸ் நிறமானதும், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சூடாக்கி மறுபடி போட்டேன். நம் பக்கத்துப் புழுக்கத்தில் உள்ளே ஈரம் தங்கினால் லென்ஸில் ஃபங்கஸ் பிடித்துவிடும்.

ஐந்தாம் நாள் கேமரா ஓடியது. சுவரில் செய்தித்தாளை ஒட்டி நேராக நின்று எடுத்துப் பார்த்தேன். இடப்பக்க எழுத்து கூர்மையாக இருந்தது, வலப்பக்கம் கலங்கியிருந்தது. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி சாய்ந்துவிட்டது என்று திருச்சியில் பழுது பார்ப்பவர் சொன்னார். தண்ணீர் பட்டதற்கு வாரண்டி கிடையாது. அவர் சொன்ன தொகைக்கு அதே லென்ஸைப் பழையதாக வாங்கிவிடலாம். அதனால் சுத்தம் மட்டும் செய்து வாங்கி வந்தேன். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 வைத்தால் கலங்கல் குறைகிறது, எனக்கு அது போதும்.

கார்டில் இருந்த படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசிப் படத்தில் அந்த அம்மா நாற்று முடியோடு நிற்கிறார். அச்சுப் போட்டு எடுத்துப் போனபோது அதே வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார். முந்தானையில் கையைத் துடைத்துப் படத்தை வாங்கியவர், அதைப் பார்ப்பதற்கு முன்பே கேமரா சரியாகிவிட்டதா என்று கேட்டார்.