எறிதல் வட்டத்தில் நின்று பார்த்தால்

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் நான். மாற்றுத்திறனாளிகள் தடகளப் போட்டி வந்தால் எறிதல் பிரிவில் நடுவர் ட்யூட்டி. உட்கார்ந்து குண்டு எறிபவரின் இரும்பு நாற்காலியைப் பட்டை போட்டுத் தரையோடு இறுக்கிக் கட்டுவதுதான் அங்கே முதல் வேலை. இருக்கையின் உயரம், மெத்தையும் சேர்த்து, 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. டேப் வைத்து அளப்போம். பட்டை சற்றுத் தளர்ந்தாலும் எறியும்போது நாற்காலி ஆடும். குண்டுக்குப் போக வேண்டிய விசை வீணாகிவிடும். 2016 ரியோவில் தீபா மாலிக் 4.61 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றதும் உட்கார்ந்தபடிதான். பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

மைதானத்தில் பேச்சு வந்தால், "2008இல் ஒரு பதக்கம்கூட இல்லையே, அப்போது ஆளே இல்லையா?" என்று கேட்பார்கள். எனக்குக் கோபம்தான் வரும். ஆள் இருந்தார். ஈட்டி எறிதலில் தேவேந்திர ஜஜாரியா 2004 ஏதென்ஸில் 62.15 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியவர். சிறுவயதில் மின்கம்பி தாக்கி இடது கையை இழந்தவர். கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான அவருடைய எஃப் 46 பிரிவு ஈட்டி எறிதல் 2008இலும் 2012இலும் போட்டிப் பட்டியலிலேயே இல்லை. ஒரு வீரனின் நல்ல வயது அப்படியே போயிற்று. ஆனாலும் விடாமல் பயிற்சி செய்து, 35 வயதில் ரியோவில் 63.97 மீட்டர் எறிந்தார். உலக சாதனையோடு மறுபடியும் தங்கம்!

அதற்கும் முந்தைய கதை பலருக்குத் தெரியாது. இந்தியா முதலில் கலந்துகொண்டது 1968 டெல் அவிவில். 1972 ஹைடல்பெர்க்கில் முரளிகாந்த் பெட்கர் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். 1965 போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர். 1984இல் நான்கு பதக்கங்கள், அதில் மூன்று ஜோகிந்தர் சிங் பேடி ஒருவருடையவை. அப்புறம் 2004 வரை ஒன்றும் இல்லை.

சேலம் மாவட்டத்து மாரியப்பன் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டியபோது எங்கள் ஆசிரியர் வட்டத்தில் கொண்டாட்டம். அவரை உயரம் தாண்டுதல் பக்கம் திருப்பியது ஒரு பள்ளி உடற்கல்வி ஆசிரியர் என்பதில் எங்களுக்குத் தனிப் பெருமை.

டோக்கியோவில் 19, பாரிஸில் 29 என்று பதக்கங்கள் ஏறிவிட்டன. ஆனால் நாற்காலி கட்ட நான் இன்னமும் பல இடங்களில் தரையில் இரும்பு முளை அடிக்கிறேன். புதிதாகப் போடும் எறிதல் வட்டங்களிலாவது காங்கிரீட் போடும்போதே கொக்கிகளையும் பதித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் உட்கார்ந்து எறியும் பிள்ளைகள் சொந்த ஊர் மைதானத்திலேயே தினமும் பயிற்சி எடுக்கலாம்.