மகாமகக் குளத்திலிருந்து காவிரிப் படித்துறைக்கு

கும்பகோணம் வருகிறவர்கள் பெரும்பாலும் கோயில் பட்டியலோடு காரில் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நாங்கள் இந்த முறை உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு நடந்தே பார்த்தோம். மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்களுக்கு அவர் அக்கா. “மகாமகத்துக்கு வர்றவங்க எந்த வழியில போய்க் குளிப்பாங்களோ, அதே வழியில போவோம், வாங்க” என்றார். முதலில் மகாமகக் குளம், அப்புறம் பொற்றாமரைக் குளம், கடைசியில் காவிரி.

ஐப்பசி மழை விட்டிருந்த காலை. ஆறு ஏக்கருக்கும் மேல் விரிந்த குளம், சுற்றிலும் 16 மண்டபங்கள். தஞ்சை நாயக்க மன்னர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கட்டியவை. வடமேற்கு மூலை மண்டபத்தில் அக்கா எங்களை நிறுத்தி, “மேல பாருங்க” என்றார். விதானக் கல்லில் ஒரு துலாபாரக் காட்சி. தராசுக் கோலும் தட்டும் ஆட்களும் அத்தனை துல்லியம். மன்னரின் எடைக்கு எடை கிடைத்த பொன்னைக் கொண்டே இவற்றைக் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்களாம். அவர் சொல்லியிராவிட்டால் அண்ணாந்து பார்க்காமலே கடந்திருப்போம்.

குளத்துக்குள்ளே 20 தீர்த்தக் கிணறுகள் இருக்கின்றன. மகாமகத்தன்று ஒவ்வொன்றிலும் வாளியால் மொண்டு பக்தர்கள் தலையில் ஊற்றுவார்கள். வடகரை காசி விஸ்வநாதர் கோயிலில் கங்கை முதல் காவிரி வரை ஒன்பது நதிகளும் கன்னியராக நிற்கிறார்கள். 1992 மகாமக நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் இந்தக் கரையில் இறந்ததைச் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைத்தெருவில் ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு பொற்றாமரைக்கு நடந்தோம். சாரங்கபாணி கோயிலுக்கும் கும்பேஸ்வரர் கோயிலுக்கும் நடுவே இருக்கிறது குளம். கோமளவல்லித் தாயார் தாமரையில் தோன்றியது இங்கேதான் என்பது தலபுராணம். சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த வீடும் இருக்கிறது. சின்னத் திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னல். அவசியம் பாருங்கள். பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் விடியலிலேயே கிளம்புவது நல்லது.

சக்கரப் படித்துறைக்குப் போனபோது காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கோடையில் வந்தால் இங்கே மணல்தான். மேட்டூரில் தண்ணீர் திறக்கும் காலத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு வாருங்கள். கடைசிப் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டோம்.

இங்கிலாந்தில் வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன பாத் நகரில், 1934 முதல் ஊர்க்காரர்களே தன்னார்வ வழிகாட்டிகளாகக் காசு வாங்காமல் ஊரை நடந்தே சுற்றிக் காட்டுகிறார்கள். கும்பகோணத்துக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். அடுத்த மகாமகம் 2028இல். இந்த அக்காவைப் போல ஊர் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். மாநகராட்சி இப்போதே அவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டும்.