கனகாம்பர நிறத்தில் ஓர் எருக்கு

உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் வளர்ந்தவள் நான். நியூ ஜெர்சியின் தெற்கே, பைன் பேரன்ஸ் காட்டை ஒட்டி வீடு வாங்கி, தோட்டத்தில் மண்வெட்டியைப் போட்ட அன்றைக்கே ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே செம்மணல், இங்கே வெளுத்த மணல். ஊற்றின தண்ணீர் நிற்காமல் உள்ளே இறங்கிவிடுவது மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆனாலும் முதல் வருடம் தப்புப் பண்ணினேன். நர்சரியில் பட்டர்ஃபிளை வீட் செடி ஒன்று வாங்கினேன். இந்த மண்ணின் காட்டுச்செடி அது, வறண்ட மணலில் தானாக முளைப்பது. நானோ கத்தரிக்குச் செய்வதுபோலக் குழி நிறைய மாட்டெரு கொட்டி, இரண்டு வேளையும் தண்ணீர் விட்டேன். ஆகஸ்டில் இலை பழுத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கொழகொழவென்று அழுகியிருந்தது. ரொம்ப வருத்தமாகிவிட்டது. அப்புறம் படித்தபோதுதான் தெரிந்தது, இது எருக்கின் சொந்தக்காரச் செடி என்று. தேரியில் எருக்கலைக்கு யார் எரு போட்டார்கள்?

பக்கத்து வீட்டம்மா காய்ந்த காய்கள் கொடுத்தார். விதைகளை ஈர மணலில் கலந்து, இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் வைத்தேன். பனிக்காலம் கழிந்ததாக நினைத்தால்தான் அவை நன்றாக முளைக்கும். வளரவேண்டிய இடத்திலேயே விதைத்தேன். கிழங்குபோல் தடித்து ஆழமாக இறங்கும் வேர் என்பதால், பிறகு பெயர்த்து நட்டால் பிழைப்பது அரிது. எரு இல்லை. வேர் பிடிக்கும்வரை கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். பனியில் தண்டெல்லாம் கருகி, தரையோடு தரையாகிவிட்டது. அடுத்த மே மாதம் மற்றதெல்லாம் துளிர்த்தும் இது மட்டும் வரவில்லை. போச்சு என்று கொத்தப் போனவள், அடையாளத்துக்கு நட்டிருந்த குச்சியைப் பார்த்து நின்றேன். மே கடைசியில் எட்டிப் பார்த்தது.

மூன்றாவது கோடையில் பூத்தது. அசல் கனகாம்பர நிறம். ஒரு பூவைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன்: ஐந்து இதழும் கீழே மடங்கி, நடுவில் எருக்கம்பூவில் இருக்கிற அதே குட்டிக் கிரீடம். தண்டைக் கிள்ளினால் பால் மட்டும் வரவில்லை. இந்த இனத்தில் இது ஒன்று அப்படி.

ஜூலையில் தண்டு முழுக்க மஞ்சள் அசுவினி. வீடியோவில் அம்மாவிடம் காட்டினேன்.

"ஏட்டி, இது நம்ம எருக்கலையில வர்ற பேன்லா! அங்கயுமா வந்துட்டு?"

அம்மா சொன்னது சரி. அதே பூச்சிதான், உலகம் பூராவும் பரவியிருக்கிறது. மருந்து அடிக்கவில்லை. இலைக்கு அடியில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளை முட்டைகள் இருந்தன, மொனார்க் பட்டாம்பூச்சியுடையவை. ஊரில் எருக்கிலையில் முட்டையிடுகிற வெந்தய வரியனுக்கு இது பங்காளி. கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட புழுக்கள் இலையை அரித்துத் தின்பதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். இலையுதிர் காலத்தில் மொனார்க்குகள் நியூ ஜெர்சியின் தென்கோடியான கேப் மே முனை வழியாக மெக்சிகோவுக்குப் பறக்கும்.

இந்த வருடம் ஆறு காய் வெடித்திருக்கிறது. பட்டுப்பஞ்சில் ஒட்டியிருந்த விதையை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்றை மட்டும் சின்னப்பிள்ளையில் செய்ததுபோல ஊதி, காற்றில் விட்டேன்.