எம்ஜி டிசியின் ஒரு சக்கரமும் ஐந்து வாரங்களும்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேனாவாலும் கறுப்பு மையாலும் வரையத் தொடங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. இதுவரை முடிந்த படங்கள் மூன்று. கிழித்துப் போட்டவை அதைவிட அதிகம். ‘விண்டேஜ்’ என்ற சொல்லை நான் சற்றுத் தளர்வாகவே பயன்படுத்துகிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். 1934இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் கணக்குப்படி, 1930ஆம் ஆண்டு முடிவதற்குள் தயாரானவைதாம் விண்டேஜ் கார்கள். அந்த அளவுகோலை வைத்தால் நான் முடித்த மூன்றில் ஒன்றுகூடத் தேறாது.

முதலில் எடுத்துக்கொண்டது எம்ஜி டிசி. 1945 முதல் 1949 வரை, ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள அபிங்டனில், ஏறத்தாழ பத்தாயிரம் எண்ணிக்கையில் தயாரான 1250 சிசி கார் இது. நீண்ட பானெட், பலகைபோல் நிமிர்ந்து நிற்கும் பெட்ரோல் டாங்க், அதன் முதுகில் ஏற்றிய உபரிச் சக்கரம் என்று நேர்க்கோடுகள் மிகுந்த உருவமாக இருந்ததால், கற்றுக்கொள்பவனுக்கு எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். 19 அங்குலக் கம்பிச் சக்கரம் அந்த நினைப்பைக் கெடுத்தது.

சாய்வான கோணத்தில் பார்க்கும்போது சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த நீள்வட்டத்தின் நீண்ட அச்சு எப்போதும் தாளில் செங்குத்தாக நிற்கும் என்று நான் நம்பியதுதான் பிழை. முதல் இரண்டு தாள்களிலும் கார், முன் சக்கரம் கழன்றுவிழப் போவதுபோல் நின்றது. குறுகிய அச்சு, இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் அச்சுத்தண்டு படத்தில் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில்தான் அமைய வேண்டும். இப்போதெல்லாம் சக்கரத்துக்கு முன்பாக அச்சுத்தண்டின் கோட்டைப் பென்சிலால் போட்டு, அதற்குச் செங்குத்தாக நீண்ட அச்சை வைத்த பிறகே வட்டத்தைத் தொடுகிறேன்.

அடுத்தது ஆரக்கால்கள். ஒரு சக்கரத்தில் 48 கம்பிகள். அவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதுமில்லை. ஒரு வரிசை நடுவிலுள்ள குடத்தின் வெளிமுனையிலிருந்தும் இன்னொரு வரிசை உள்முனையிலிருந்தும் புறப்பட்டு, ஒன்றையொன்று கடந்து வெளிவளையமான வட்டையைச் சென்று சேர்கின்றன. (மாட்டு வண்டிச் சக்கரத்துக்குத் தச்சர்கள் சொல்லும் குடம், ஆரக்கால், வட்டை என்ற சொற்களையே என் குறிப்பேட்டிலும் எழுதிக்கொள்கிறேன், ‘ஹப்’ என்பதைவிடக் குடம் என்ற சொல்லில் அதன் உருவம் நன்றாகத் தெரிகிறது.) மர ஆரக்கால் சற்றுக் கோணலாக வரையப்பட்டாலும் மரமாகவே தோன்றும். கம்பியோ விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டது. கை இம்மியளவு நடுங்கினாலும் தொய்ந்த கொடிக்கயிறாகிவிடுகிறது.

கறுப்புக் கோடுகளால் கம்பிகளை வரைந்தவரை சக்கரம் சிலந்தி வலையாகவே இருந்தது. பிறகு கம்பிகளைத் தாளின் வெள்ளையாகவே விட்டு, அவற்றுக்கு இடைப்பட்ட சந்துகளை மட்டும் மையால் நிரப்பிப் பார்த்தேன். அப்போதுதான் சந்துகள் எல்லாம் ஒரே கறுப்பல்ல என்பது கண்ணில் பட்டது. குடத்தை ஒட்டிய சந்துகளுக்குப் பின்னால் பிரேக் டிரம் இருக்கிறது. அங்கே அடர்த்தி வேண்டும். மேல்பக்கச் சந்துகளில் மட்கார்டின் நிழல் விழுகிறது. கீழே, வட்டையை ஒட்டிய சந்துகளின் வழியே வெயில் பட்ட புல்தரை தெரிகிறது. அங்கே இரண்டு மூன்று மெல்லிய கோடுகளே போதும். 0.20 மில்லிமீட்டர் கோடு இழுக்கும் மைக்ரான் 005 பேனாவால் ஒரு சக்கரத்தை நிரப்ப ஆறு மணி நேரம் ஆனது. அப்படி மூன்று சக்கரங்களை ஒத்திகை பார்த்த பிறகே நல்ல தாளில் கை வைத்தேன். அதற்குள் ஐந்து வாரங்கள் ஓடிவிட்டன.

இதற்கிடையில் ஓர் அசட்டுத்தனமும் நடந்தது. தொட்டு வரையும் பேனாவுக்கென்று வாங்கிய இந்தியன் இங்க்கை, அவசரத்தில், நான் நெடுநாள் வைத்திருந்த ஊற்றுப் பேனாவில் ஊற்றிவிட்டேன். அந்த மையில் அரக்கு கலந்திருப்பதால், காய்ந்த பிறகு தண்ணீரில் கரையாது. பேனா இன்றுவரை எழுதவில்லை.

சக்கரத்தோடு பட்ட பாடு போதும் என்றுதான் இரண்டாவதாக ஜாகுவார் எக்ஸ்கே120ஐத் தேர்ந்தெடுத்தேன். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரின் பெயரிலுள்ள 120, மணிக்கு அத்தனை மைல் என்ற வேகத்தைக் குறிப்பது. தகட்டுச் சக்கரம் பூட்டிய காரில் பின் சக்கரத்தின் மேற்பாதியை ஒரு மூடி மறைத்துவிடும். கம்பிச் சக்கரத்தில் குடத்தின் காதுத் திருகு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அந்த மூடி பொருந்தாது. ஆகவே தகட்டுச் சக்கரக் காரையே, அதுவும் கறுப்புக் காரையே, வேண்டுமென்று எடுத்துக்கொண்டேன்.

தப்பித்தோம் என்று நினைத்தது வீண். விளிம்பே இல்லாமல் வழிந்தோடும் அந்த உடலில் கோட்டை எங்கே நிறுத்துவது என்பதே விளங்கவில்லை. புள்ளிகளால் நிழல் கொடுத்த முதல் படத்தில் கார் பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்து தூசி படிந்ததுபோல் இருந்தது. கறுப்பு வண்ணத்தில் நாம் காண்பது பெரும்பாலும் சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்புதான்: மேலே வானத்தின் வெள்ளை, அதற்குக் கீழே மரவரிசையின் கறுப்பு, அதற்கும் கீழே தரையின் சாம்பல். முன் மட்கார்டின் முதுகில் வானத்துக்கான வெள்ளைப் பட்டையைப் பென்சிலால் வேலி கட்டி ஒதுக்கிவிட்டு, அதன் கீழ்விளிம்பிலிருந்து வளைவைப் பின்பற்றி அடர்ந்த கோடுகளை இறக்கினேன். அழுத்தத்துக்கேற்பத் தடிக்கும் கில்லட் 303 நிப் இதற்கு நன்றாகக் கைகொடுத்தது. ஜோசப் கில்லட் நிப் தயாரித்த பர்மிங்காமுக்கும் ஜாகுவார் தயாரான கோவென்ட்ரிக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான் என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

மூன்றாவது, 1958இல் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட். பானெட்டின் மேல் தவளைக் கண்களாகத் துருத்தி நிற்கும் விளக்குகளைப் படுத்து எழும்படி அமைக்கவே முதலில் திட்டமிட்டார்கள். செலவைக் கருதிக் கைவிட்டார்கள். நேர் முன்னாலிருந்து வரைந்ததால் சக்கரங்கள் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டே நாளில் முடிந்தது.

இப்போது பலகையில் இருப்பது ‘புளோவர்’ பென்ட்லி. பந்தய ஓட்டுநர் டிம் பர்கினின் விருப்பத்தின்பேரில், பொறியாளர் ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸின் சூப்பர்சார்ஜரை, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ‘புளோவரை’, ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்திய நாலரை லிட்டர் கார். கிளப்பின் கணக்கிலும் கலப்படமில்லாத விண்டேஜ். பானெட்டைக் கட்டும் தோல்வாரும் அதன் கொக்கியும் வரை பென்சில் வேலை முடிந்திருக்கிறது. ரேடியேட்டரைக் கல்லடியிலிருந்து காக்கும் கம்பி வலையில் எத்தனை கண்ணிகளை வரைவது, எத்தனையைப் பார்ப்பவர் கண்ணுக்கு விட்டுவிடுவது என்பதைத் தனித் தாளில் நான்கு விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். மேல் மூலையில் மட்டும் வலையைத் தெளிவாகக் காட்டிக் கீழே இருளில் கரையவிட்ட மூன்றாவது முறை பிடித்திருக்கிறது. வரும் சனிக்கிழமை அதையே மையில் போடுவதாக இருக்கிறேன்.