தம்பிக்குக் குடி நிறுத்த சிகிச்சை எடுத்த கதை

சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் எங்களுடையது. தம்பி கொத்தனார். காலையில் ஒரு குவார்ட்டர் உள்ளே போகாவிட்டால் கரணை பிடிக்கக் கை நிற்காது என்ற அளவுக்கு வந்துவிட்டான். "மனசு வச்சா விட்டுடலாம்" என்றது ஊர். அம்மா கோயிலில் கயிறு கட்டிவிட்டார். அவனும் வைராக்கியமாகத்தான் நிறுத்தினான். மறுநாளே வலிப்பு.

வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்து சிலர் புத்தி குழம்பி, இல்லாத ஆளோடு பேசுவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். எங்கள் தெருவில் இதைப் பேய் என்றார்கள். கயிறு கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

108-ஐக் கூப்பிட்டு மாவட்ட அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மனநலப் பிரிவில் சேர்க்கச் சொன்னதும் அப்பா முரண்டு பிடித்தார், "நாளைக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?" என்று. டாக்டர் பொறுமையாகப் பேசித்தான் சம்மதிக்க வைத்தார். முதலில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி, அப்புறம்தான் குளுக்கோஸ். நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்தார்கள். செலவில்லை.

இதற்கிடையில், சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி ஒருவர் பொடி கொண்டுவந்தார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். நோயாளிக்குத் தெரிந்து, டாக்டர் பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது. வீட்டுக்கே வேன் அனுப்பும் மறுவாழ்வு மையங்களிடமும், மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். மாத்திரை வாங்க ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போய்விடும், பஸ் காசு வேறு. இதனாலேயே பலர் பாதியில் விடுகிறார்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட நாளில் தாலுகா மருத்துவமனைக்கே வருகிறது என்று ஒரு நர்ஸ் அக்கா சொன்னார். எந்தப் பலகையிலும் இது எழுதியில்லை. இப்போது அங்கேயே வாங்குகிறோம்.

நடுவில் குலசாமி கிடா வெட்டில் மறுபடி குடித்தான். திரும்பக் கூட்டிப்போனபோது டாக்டர் திட்டவில்லை, "இந்த நோய்ல இது நடக்கும், மாத்திரைய விடாதே" என்றார். எங்கே போவது என்று தெரியாதவர்கள் போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை.