உப்புத் தண்ணீரும் ஈரக்காற்றும்: சேலத்து வீடுகளில் வாஷிங் மெஷின்கள்

சேலத்தில் ஒரு வீட்டில் இதுவரை எத்தனை வாஷிங் மெஷின் இருந்தது என்று கேட்டால், வாங்கிய வருஷம் யாருக்கும் சட்டென்று நினைவு வராது. "பெல்ட் அறுந்துகிட்டே இருந்துச்சே, அது." "சுத்தும்போது லாரி மாதிரி உறுமுச்சே, அது." போன பாகத்தை வைத்துத்தான் மெஷினை அடையாளம் சொல்வார்கள். அந்தக் கணக்கு தப்பில்லை. முதலில் எந்தப் பாகம் போகிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது உள்ளே போகும் தண்ணீரும் மெஷின் நிற்கும் இடமும்தான். கீழே சேலத்தில் உப்புத் தண்ணீர் மெஷினைத் தின்கிறது. மேலே ஏற்காட்டில் துவைப்பது சுலபம், காய வைப்பதுதான் பாடு.

தண்ணீரை முதலில் பார்த்துவிடலாம். கருப்பூர், செட்டிச்சாவடி பக்கம் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் என்பது மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். இப்படிப்பட்ட பாறை நிலத்தில் போர் போட்டால் கால்சியமும் மக்னீசியமும் கரைந்த கடினத் தண்ணீர் வருவதில் ஆச்சரியமில்லை. மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் சோப்பு நுரைப்பதும், போர் தண்ணீருக்கு மாறியதும் நுரை செத்துப்போவதும் எல்லா வீட்டிலும் பார்ப்பதுதான். குடிதண்ணீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு.

கையடக்க டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், கடினத்தன்மையைக் காட்டாது. வீட்டிலேயே தெரிந்துகொள்ள ஒரு பாட்டிலில் பாதி போர் தண்ணீரும், இன்னொன்றில் பாதி ஆர்.ஓ. தண்ணீரும் எடுங்கள். சாதாரணக் குளியல் சோப்பை நகத்தளவு சீவி ஒவ்வொன்றிலும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். டிடர்ஜென்ட் பவுடர் இதற்கு உதவாது. ஆர்.ஓ. பாட்டிலில் நுரை மேலே நிற்கும். போர் பாட்டிலில் நுரை அடங்கி, தண்ணீர் மோர் போலக் கலங்கி, திரித்திரியாக மிதந்தால் அது கடினத் தண்ணீர். அந்தத் திரிதான் துணியில் சாம்பல் நிறமாக ஒட்டுவது, மெஷினின் குழாய்க்குள் பிசினாகப் படிவது.

பெரும்பாலான வீடுகளில் முதலில் வந்தது செமி ஆட்டோமேட்டிக். ஒரு பக்கம் துவைக்கும் தொட்டி, மறுபக்கம் பிழியும் தொட்டி. பிழியும் தொட்டியைத்தான் நம் பக்கம் 'டிரையர்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது சுற்றிப் பிழிகிறது, காய வைப்பதில்லை. இந்த மெஷினை யாரும் குறைத்துப் பேசவேண்டாம். உள்ளே ஹீட்டரும் கிடையாது, சர்க்யூட் போர்டும் கிடையாது. உப்பு போய்க் கெடுக்க அதிக இடமில்லை. கெட்டால் ஒரு ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் போதும்.

செமியில் அடிக்கடி வரும் கோளாறு, டிரையர் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகுவது. உடனே மோட்டார் போச்சு என்று முடிவுகட்டக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். டிரையர் மோட்டாரின் தலையில் ஒரு பிரேக் சக்கரம், பக்கத்தில் பிரேக் ஷூ, அதிலிருந்து மூடிவரை ஒரு கம்பி. மூடியை மூடினால் கம்பி இழுபட்டு ஷூ விலகவேண்டும். கம்பி நாளடைவில் தொய்ந்துவிட்டால் ஷூ முழுதாக விலகாது. மோட்டார் பிரேக்கோடு மல்லுக்கட்டும், ரப்பர் கருகும் வாடை வரும். மூடியை மூடிய நிலையில் ஷூவுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்வரை கம்பியை அடுத்த துளைக்கு மாற்றி மாட்டினால் தீர்ந்தது. பிரேக் சரியாக இருந்தும் முனகினால், கையால் ஒரு சுற்று தள்ளிவிட்டால் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கெபாசிட்டர் பலவீனம். அதன் மேல் அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவும் வோல்ட்டும் அப்படியே இருக்கும் புதியதைப் போடவேண்டும். பழையதைத் தொடுமுன் அதன் இரு முனைகளையும் ஒரு பல்பின் வயரால் இணைத்து மின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

டிரையருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் தள்ளிப்போடக் கூடாது. தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் உப்பால் விறைத்து வெடித்திருக்கும், சொட்டும் தண்ணீர் நேராக மோட்டார் தலையில் விழும். சீலுக்கு ஆகும் செலவு சொற்பம், எரிந்துபோன மோட்டாருக்கு அப்படியில்லை. துவைக்கும் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் கசிந்தால், வடிகால் வால்வு ரப்பருக்கு அடியில் ஊக்கோ ஹேர்பின்னோ உப்புக் கட்டியோ சிக்கியிருக்கும். பெல்ட் தளர்ந்தால் மோட்டார் ஓடும், சக்கரம் திரும்பாது. விரலால் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் போல அமுங்கவேண்டும், அதற்குமேல் போனால் தொய்வு. பின்பக்கம் கீழே வலை இல்லையென்றால் ஒன்று அடித்துவிடுங்கள். எலி வயரைக் கடிப்பது இந்த மெஷினில் சகஜம்.

கடினத் தண்ணீரில் செமி வைத்திருப்பவர்களுக்குச் சலவை சோடா நல்ல துணை. கணக்கு இதுதான்: கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம், தொட்டியில் 40 லிட்டர் என்றால் மொத்தம் 20 கிராம். அதை எதிர்கொள்ள நீரற்ற சோடாத்தூள் 21 கிராம், கல் வடிவ சோடா என்றால் 57 கிராம். பவுடருக்கு முன்னால் இதைக் கரைத்து 5 நிமிடம் விடவேண்டும். பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் மட்டும்; பட்டு, கம்பளிக்கு ஆகாது. சேலம் வெண்பட்டு வேட்டியை மெஷின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், காரத்திலும் சுழற்சியிலும் அதன் பளபளப்பு செத்துவிடும். முன்பக்கம் கதவு வைத்த ஃப்ரண்ட் லோடிலும் தினமும் சோடா போடக் கூடாது. அதன் டிரம்மைத் தாங்கும் அலுமினியக் கையைக் காரம் அரிக்கும்.

அடுத்து வந்தது டாப் லோட் ஃபுல்லி ஆட்டோமேட்டிக். பட்டனை அழுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்ற சுகத்துக்காக வாங்கிய பலர், துணி முன்னைப்போலக் காயவில்லையே என்று குறைப்பட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. செமியின் டிரையர் சிறியது, ஆனால் நிமிடத்துக்கு 1300 சுற்றுக்குமேல் ஓடும். 12 சென்டிமீட்டர் ஆரத்தில் 1350 சுற்று என்றால், துணியில் உள்ள தண்ணீர் தன் எடையைப்போலச் சுமார் 240 மடங்கு விசையோடு வெளியே தள்ளப்படுகிறது. டாப் லோடில் 25 சென்டிமீட்டர் ஆரம், 700 சுற்று: சுமார் 135 மடங்குதான். ஃப்ரண்ட் லோடில் 24 சென்டிமீட்டர், 1200 சுற்று: சுமார் 385 மடங்கு. சேலத்து வெயிலில் இந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் மறந்துபோகும். மலையில் மறக்க முடியாது.

டாப் லோடில் உப்பு முதலில் பிடிப்பது தண்ணீர் உள்ளே வரும் வால்வின் சிறு வலையை. தண்ணீர் மெதுவாக வருகிறது, அல்லது ஐ.இ., 4.இ., 4.சி. போன்ற குறி வந்து மெஷின் நின்றுவிடுகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள். குழாயை மூடி, ஹோஸைக் கழற்றினால் வால்வுக்குள் தொப்பி மாதிரி ஒரு வலை தெரியும். மூக்குக் குறடால் நடுத்தண்டைப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். கண்ணிகளில் வெள்ளையாகவும் செம்மண் நிறமாகவும் அடை அப்பியிருக்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலம்) போட்டு அதில் நனைத்தால், வெள்ளை அடையிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். கால் மணி நேரத்தில் வலை சுத்தம். பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு தேய், திரும்ப மாட்டு. உப்பு அதிகமான தண்ணீருக்கு 2 மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாலே போதும்.

வலை சுத்தமாக இருந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் அழுத்தம் பார்க்கவேண்டும். பல மெஷின்கள் குறைந்தது 0.3 பார் கேட்கின்றன. அதற்குத் தண்ணீர் மட்டம் மெஷினின் வால்வைவிட 3 மீட்டர், அதாவது 10 அடி உயரத்தில் இருக்கவேண்டும். மாடி வீட்டில் தலைக்கு மேலேயே மொட்டைமாடி டேங்க் என்றால் இந்த உயரம் கிடைக்காது. டேங்கை மேடைமேல் ஏற்றவேண்டும், அல்லது சிறிய பூஸ்டர் பம்ப் வைக்கவேண்டும். மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

தண்ணீர் அளவு தெரியாமல் வழிய வழிய நிரம்புகிறது, அல்லது கொஞ்சம் வந்ததுமே நின்றுவிடுகிறது என்றால், தொட்டியின் அடியிலிருந்து பிரஷர் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய காற்றுக்குழாயில் முன்னே சொன்ன சோப்புத் திரி அடைத்திருக்கும். சுவிட்ச் பக்கம் கழற்றி, வாயால் மெதுவாக ஊதினால் போதும். கம்ப்ரஸர் காற்று வேண்டாம். சுற்றும்போது மெஷின் ஆடி நடந்தால் தொட்டியைத் தொங்கவிடும் 4 சஸ்பென்ஷன் கம்பிகளைப் பாருங்கள். தொட்டியைக் கீழே அழுத்தி விட்டால் ஓரிரு ஆட்டத்தில் நிற்கவேண்டும். ஊஞ்சல் போல ஆடினால் நான்கையும் சேர்த்து மாற்றுவதே நல்லது.

ஃப்ரண்ட் லோட் துணியை நன்றாகத் துவைக்கும், தண்ணீரும் 50, 60 லிட்டரில் முடித்துவிடும். ஆனால் நம் போர் தண்ணீருக்கு இதுதான் மிகவும் பயப்படும் மெஷின். காரணம் ஹீட்டர். தண்ணீர் சூடாகும்போது கரைந்திருந்த பைகார்பனேட் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து, சூடான இடத்தில்தான் முதலில் அப்பும். அடை தடித்தால் வெப்பம் தண்ணீருக்குப் போகாது, ஹீட்டர் தன் சூட்டிலேயே வெடிக்கும். அதே உப்பு டிரம் தண்டின் எண்ணெய் சீல் உதட்டையும் தேய்க்கும். சீல் விட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கழுவிவிடும். அதன்பிறகுதான் அந்த லாரி உறுமல்.

கதவைத் திறந்து, உள்டிரம்மின் மேல் விளிம்பைக் கையால் தூக்கிப் பாருங்கள். வெளித்தொட்டியோடு சேர்ந்து அசைந்தால் கவலையில்லை. டிரம் மட்டும் தனியாக 'டக்' என்று ஆடினால் பேரிங் போய்விட்டது. இதோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் தண்டும் தேயும். பேரிங் மாற்றும்போது சீலையும் கட்டாயம் மாற்றவேண்டும். பின்பக்கம் டிரம்மைப் பிடித்திருக்கும் மூன்று கை அலுமினியத் தாங்கியையும் அப்போதே தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்து குழி விழுந்திருந்தால் சீக்கிரம் முறியும். சில மாடல்களில் தொட்டியின் இரு பாதிகளும் ஒட்டியே வருகின்றன, பேரிங் மட்டும் மாற்ற வழியில்லை, முழுத் தொட்டியும் வாங்கவேண்டும். புதிதாக வாங்கும்போதே கடையில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

ஹீட்டரைக் காக்க, 2 மாதத்துக்கு ஒருமுறை காலி டிரம்மில் 100 கிராம் லெமன் சால்ட் போட்டு 60 டிகிரியில் ஓட்டி, பிறகு ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசவேண்டும். ப்ளீச்சிங் பவுடரையோ ப்ளீச் திரவத்தையோ இதோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

நிரந்தர வழி, கடினத்தைப் பிடித்துவைக்கும் ரெசின் மணிகள் நிரப்பிய சாஃப்ட்னர்தான். 10 லிட்டர் ரெசின் சுமார் 500 கிராம் கடினத்தைப் பிடிக்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் தண்ணீர் என்றால் 1000 லிட்டர் வரை தாங்கும், ஃப்ரண்ட் லோடுக்கு 16 முதல் 20 துவையல். அதன்பின் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து ரெசினைக் கழுவி எழுப்பவேண்டும். இதை மறந்தால் சாஃப்ட்னர் வெறும் குழாய். ஹோஸில் மாட்டும் பாஸ்பேட் உருண்டைக் குப்பி கடினத்தைக் குறைக்காது, அடை கட்டுவதைத் தள்ளிப்போடும், அவ்வளவே. குழாயில் மாட்டும் காந்த வளையத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

20 கொண்டை ஊசி வளைவு ஏறி, 1500 மீட்டர் உயரத்துக்குப் போனால் கணக்கு மாறிவிடுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் ஏற்காட்டுக்கு உண்டு. மூடுபனி இறங்கும் நாட்களில் கொடியில் போட்ட துணி, மாலையில் பார்த்தால் போட்டபோது இருந்ததைவிட ஈரமாக இருக்கும். 5 கிலோ பருத்தித் துணியை 800 சுற்றில் பிழிந்தால் சுமார் மூன்றரை லிட்டர் தண்ணீர் உள்ளே நிற்கும். 1200 சுற்றில் அது இரண்டரை லிட்டரை ஒட்டி வரும்.

அந்த இரண்டரை லிட்டரை அறைக்குள் கொடி கட்டிக் காய வைத்தால் என்ன ஆகும்? 10 அடிக்குப் 10 அடி, 10 அடி உயர அறையில் 28 கனமீட்டர் காற்று. 18 டிகிரியில் அந்தக் காற்று, முழுக்கக் காய்ந்ததாகவே இருந்தாலும், 430 கிராம் நீராவிக்குமேல் ஏந்தாது. மிச்சம் இரண்டு லிட்டரும் சுவரில் வேர்த்து, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சணமாகும். நாள்கணக்கில் ஈரமாகக் கிடக்கும் துணியில் மொராக்செல்லா என்ற பாக்டீரியா பெருகுவதால்தான் அந்த ஈரவாடை. அதற்கு வாசனைத் திரவம் (ஃபேப்ரிக் கண்டிஷனர்) தீர்வில்லை. 60 டிகிரியில் ஆக்சிஜன் ப்ளீச்சோடு ஒருமுறை துவைத்து, அன்றே காய வைக்கவேண்டும்.

ஆகவே மலையில் நிஜமான டிரையர் ஆடம்பரமில்லை. ஹீட்டர் வைத்த டிரையர் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 1 யூனிட் தின்னும். வெப்பத்தை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் வகை அதில் பாதியில் முடிக்கும், நேரம் மட்டும் கூடுதல். ஏற்காட்டுக் குளிர் ஹீட் பம்பைத் தடுக்கும் அளவுக்கு இறங்காது என்பதால், கையில் காசு இருந்தால் அதைத்தான் சொல்வேன். துவைத்துக் காயவைக்கும் இரண்டும் சேர்ந்த மெஷினில் 8 கிலோ துவைத்தால் 5 கிலோதான் காயும், மீதியை வெளியே எடுக்கவேண்டும்.

ஈரக்காற்றைக் குழாய்வழி வெளியே தள்ளும் டிரையர் என்றால், 4 அங்குலக் குழாயைச் சுவரைத் துளைத்து வெளியே விடுவது கட்டாயம். அறைக்குள்ளேயே விட்டால் மேலே போட்ட கணக்கு அப்படியே பலிக்கும். குழாய் குட்டையாக, வளைவு குறைவாக இருக்கட்டும். வெளிமுனையில் தானே மூடும் கதவு போதும். கொசுவலை அடித்தால் பஞ்சு அடைத்துவிடும். டிரம் சுற்றுகிறது, சூடு வரவில்லை என்றால் தெர்மல் ஃப்யூஸ் போயிருக்கும். அது பஞ்சு அடைத்துக் காற்று போகாததால் போகிறது. குழாயைச் சுத்தம் செய்யாமல் புதுசு போட்டால் அதுவும் போகும். சில இடங்களில் ஃப்யூஸை எடுத்துவிட்டு வயரை நேராக இணைத்து ஓட்டுகிறார்கள். பஞ்சில் தீப்பிடிக்க அது ஒன்றே போதும், செய்யவே கூடாது.

பஞ்சு வலையை ஒவ்வொரு தடவையும் கையால் வழித்தெடுப்பதோடு, மாதம் ஒருமுறை குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் வலைவழியே உடனே இறங்கினால் சரி. இறங்காமல் தட்டில் நிற்பதுபோல நின்றால், வாசனைத் திரவத்தின் மெழுகு கண்ணிகளை மூடியிருக்கிறது. வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்தியபின் திரும்ப மாட்டுங்கள்.