ஏழு மூட்டு, ஐந்தாவது புத்தகம்

அக்கா மகளுக்காக வீட்டிலேயே அட்டையில் மடக்குப் புத்தகம் செய்கிறேன். முதல் நாலும் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஐந்தாவது நேற்று ராத்திரி ஒழுங்காக மூடிக்கொண்டது. அந்தக் குஷியில் எழுதுகிறேன்.

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வீட்டில் எல்லோரும் பேசுவது தமிழ். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அக்காவும் மச்சானும் மலையாளம் மீடியம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். அக்கா மகளுக்கு இரண்டரை வயது. தினமும் பத்து நிமிஷம் மடியில் வைத்துப் படித்துக் காட்டுங்கள் என்றால், "எனக்கெங்கடா தமிழ் படிக்கத் தெரியும்?" என்று மச்சான் கழன்றுகொள்வார். அதற்காகத்தான் விசிறி மாதிரி மடங்கும் இந்தப் புத்தகம். முன்பக்கம் தமிழ், திருப்பினால் அதே படங்கள், அதே கதை, மலையாளத்தில்.

கதைக்குப் பஞ்சமில்லை. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே கதை பல மொழிகளில் கிடைக்கிறது, இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரைக் கடைசி அட்டையில் போட்டுவிடுவேன். லேசர் பிரிண்ட்தான் எடுக்க வேண்டும். இங்க்ஜெட் படம் பசை பட்டதும் கரைந்து, யானை மேகமாகிவிட்டது.

இனி மூட்டு, அதாவது அட்டையும் அட்டையும் சேர்ந்து மடங்கும் இடம். எட்டு அட்டை, ஏழு மூட்டு, 1.5 மி.மீ. கிரே போர்டு (கெட்டி அட்டை), அட்டைகளை இணைக்க நடுவில் காலிகோ (பைண்டிங் துணி) பட்டை. முதல் நாலிலும் அட்டைகளுக்கு நடுவில் எல்லா இடைவெளியும் 2 மி.மீ. என்று வைத்தேன். அங்கேதான் கோளாறு. மடக்கும்போது துணி ஒரு மூட்டில் உள்ளே போகிறது, அடுத்த மூட்டில் வெளியே வருகிறது. உள்ளே போகிற இடத்தில் 1 மி.மீ. போதும். வெளியே வருகிற இடத்தில் துணி இரண்டு அட்டையின் கனத்தையும் சுற்றி வர வேண்டும்: 1.5-ம் 1.5-ம் 3, இருபுறமும் ஒட்டும் காகிதத்தையும் சேர்த்தால் 4. ஆக 1, 4, 1, 4, 1, 4, 1. இது புரிய எனக்கு மூன்று மாதம் ஆனது! இப்போது ஸ்கேலே எடுப்பதில்லை. படம் ஒட்டிய வேஸ்ட் அட்டைத் துண்டு இரண்டைச் சேர்த்து நட்டமாக இடையில் நிறுத்தி, அதை அணைத்தாற்போல அடுத்த அட்டையை ஒட்டிவிட்டு உருவிவிடுகிறேன்.

பசை, மைதாக் கஞ்சிதான். பூச்சி வராமலிருக்க பைண்டர்கள் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். நம்ம வாடிக்கையாளர் புத்தகத்தைக் கடிக்கிற ஆள். அந்த விஷம் வேண்டவே வேண்டாம். கரப்பான் தின்றால் தின்னட்டும்.

முன்பக்கத்தை இன்றைக்கு ஒட்டிவிட்டு பின்பக்கத்தை நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது. ஒருபுறக் காகிதம் மட்டும் காய்ந்து இழுத்தால் அட்டை அப்பளமாகிவிடும். அதிலும் கார்த்திகையில் இங்கே அடிக்கும் விருச்சிகக் காற்று, பசை தடவி முடிப்பதற்குள் காயவைத்துவிடுகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு, இருபுறமும் ஒரே மூச்சில் ஒட்டி, அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தேன். சோறாக்க அரிசி எடுக்க விடவில்லை என்று அம்மா திட்டியது தனி.

கோவையில் ஒரு கடையில், காகிதத்தின் நார் மூட்டுக்கு இணையாக ஓடும்படி வெட்டிக் கொடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். குறுக்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிய பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். அந்தக் கட்டு இப்போது பாப்பா கிறுக்குவதற்கு.

நேற்று ஒன்பது மணிக்கு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த மச்சானின் மடியில் புத்தகத்தைப் போட்டேன். மலையாளப் பக்கத்தைப் படித்தார். நாய் 'பௌ பௌ' என்று குரைத்தது. பாப்பா விடவில்லை, "லொள் லொள்!" சாயங்காலம் அம்மா படித்த பக்கம் அப்படித்தானே! மச்சான் திருப்பி, எழுத்துக்கூட்டி, "லொ...ள்" என்றார். பிறகு அந்த ஒரு மடிப்பிலேயே ஆறு தடவை. கதை முடிவுக்குப் போகவே இல்லை. மனுஷன் நடுவில் ஒரு தடவைகூட போனை எடுக்கவில்லை.

ஜூன் 19, கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் நினைவாக இங்கே வாசிப்பு தினம். அதற்குள் அங்கன்வாடிக்கு ஆறு செய்து, வாரம் ஒரு வீடாகச் சுற்ற விடலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன்னாலேயே தாலாட்டுப் பாட்டு ஒன்றையும் புத்தகமாக்கிக் கேட்கிறாள் அக்கா. முதலில் இந்த ஐந்தாவதன் மூலைகளை உப்புத்தாளால் உருட்ட வேண்டும். காலையில் பார்த்தால் ஒரு மூலை ஏற்கெனவே உருண்டிருக்கிறது, பல் தடத்தோடு.